பேரைச் சொன்னா ஆயுசு கொறையும்

எங்க வீட்டுக்காரரு கோவத்தைச் சோத்து மேலதான் காட்டுவாரு. கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து அப்படித்தான். முன்னாடி அதுல மோசமில்ல, பட்டினி கெடந்தா காயுறது அவரு வயிறுதானே. சர்க்கரை வந்து ஊசி போட ஆரம்பிச்ச பெறகுதான் அந்தக் கோவம் எமனா வந்து நின்னுச்சு. ஊசியப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சர்க்கரை சட்டுனு எறங்கி மயக்கிப் போட்டுரும், கவனிக்காம விட்டா ஆளே போயிரும்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க.

அன்னைக்குப் பூங்கா பாக்கணும்னு கெளப்புனதே அவருதான். கீரனூர்லேருந்து பஸ் மாறி மாறி வந்து எறங்குனோம். உள்ள நொழைஞ்சதும் ஒரு பெஞ்சுல உக்காந்து ஊசியப் போட்டுக்கிட்டாரு. நான் புளிச்சோத்து டப்பாவத் தொறக்குறேன், மனுசன் எந்திரிச்சு நிக்கிறாரு.

“சோறு எங்கயும் ஓடிறாது. அங்கிட்டுக் கொளம் இருக்காம், ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவோம்.”

“காணாதவரு கொளத்தைக் காணப் போறாராம்! ஊசி உள்ள போயிருச்சுல்ல, உக்காந்து தின்னுங்க. நீங்க என்ன பச்சப் புள்ளையா, ஊட்டி விடணுமா?”

என் வாய் கொஞ்சம் சத்தமான வாய்தான், இல்லைங்கலை. பக்கத்துப் பெஞ்சுல இருந்த காலேசுப் பொண்ணுக கிளுக்குனு சிரிச்சுருச்சுக. அவரு மொகம் செத்துப்போச்சு. “எனக்கு ஒண்ணும் வேணாம், நீயே கொட்டிக்க”ன்னு துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாரு. பசிச்சா தன்னால வருவாருன்னு நானும் வீம்பா உக்காந்துட்டேன்.

வரலை. வெயில் என் காலு வரைக்கும் நகந்து வந்துருச்சு, ஆளைக் காணோம். போன் போட்டா என் பைக்குள்ளயே அடிக்குது. டப்பாவ மூடி எடுத்துக்கிட்டு ஓடுனேன்.

மூலிகைத் தோட்டத்துல இல்ல. பட்டாம்பூச்சித் தோட்டத்துல ஒரே புள்ளைக கூட்டம், அதுலயும் இல்ல. “ஏங்க! ஏங்க!”ன்னு கத்துறேன், அங்கங்க உக்காந்திருந்த ஆம்பளைக எல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க. ஊரு ஒலகத்துல எல்லாப் பொண்டாட்டியும் அப்படித்தானே கூப்பிடுறா! அதுக்கு மேல பாதை ரெண்டாப் பிரியுது. கொளத்துக்கு எதுல போகணும்னு தெரியலை. திரும்ப வாசலுக்கே ஓடியாந்தேன்.

டிக்கெட் குடுக்குற பொண்ணு பேரு ஜாஸ்பின், ஆவூருக்காரப் பொண்ணு, கழுத்துல சிலுவை தொங்குது. வெவரத்தைச் சொன்னதும் பக்கத்துக் கடையில ஒரு மாம்பழ ஜூசை வாங்கிக்கிட்டு என்கூடவே வந்துருச்சு.

“கரண்ட் இல்லம்மா, மைக் வேலை செய்யாது. ஐயா பேரைச் சொல்லுங்க, கூப்பிட்டுக்கிட்டே போவோம்.”

நான் நடையக் கூட்டுனேன்.

“அம்மா, பேரு?”

“நான் எப்படித்தா சொல்றது?”

“அப்ப எழுதியாச்சும் காட்டுங்க.”

“என் கையெழுத்து மட்டுந்தான் எனக்கு எழுதத் தெரியும்.”

“முருகன் பேரா? பெருமாள் பேரா?” நடந்துக்கிட்டே கேக்குது. ரெண்டும் இல்லைன்னு தலைய ஆட்டுனேன். எங்க சித்தி ஒருத்தி, சண்டையில புருசன் பேரைச் சொல்லி ஏசிப்புட்டா. அந்த ஆடி தாண்டலை, பாம்பு கடிச்சுப் போய்ச் சேந்துட்டாரு. கண்ணால பாத்தவ நான். பேரைச் சொன்னா ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொன்னது சும்மா இல்ல.

“எங்கம்மா எங்கப்பாவ ‘சந்தனராஜு’ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கூப்பிடும். அப்பா கல்லு மாதிரிதான் இருக்காரு” அப்படிங்குது ஜாஸ்பின்.

“ஒங்க சாமி வேறத்தா.”

“சர்க்கரை எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா.”

ரெண்டு பேரும் வேகமா நடந்தோம். அந்தப் பொண்ணு “ஐயா, ஐயா”ன்னு கூப்பிடுது, நான் “ஏங்க”ங்கிறேன். கொளம் வந்துச்சு. ஒரே அல்லி எலையா மூடிக் கெடக்கு, ஒரு ஈ காக்கா இல்ல. கரையில போட்டிருந்த கம்பித் தடுப்புல பச்சைக் கரை போட்ட துண்டு ஒண்ணு தொங்குது. அவரு துண்டு.

ஓடிப்போய் அதைப் பறிச்செடுத்தேன். ஜாஸ்பின் தடுப்புல ஏறித் தண்ணிக்குள்ள பாக்குது. “எலை எதுவும் கலையலைம்மா, உள்ள விழுந்திருக்க மாட்டாரு”ன்னு சொல்லுது, ஆனா எறங்காம இன்னும் பாத்துக்கிட்டே இருக்கு. கொளத்தைத் தாண்டி மூங்கிக் காட்டுக்குள்ள ஒரு பாதை போகுது, அதுக்குள்ள இருட்டு. நான் அந்தத் துண்டைக் கையில வச்சுக்கிட்டு நெனச்சேன்: ஆயுசுல கொறையறது கொறையட்டும், இன்னைக்கு ஆளு தப்புனாத்தானே கொறையறதுக்கே ஆயுசு இருக்கும்!

கண்ண மூடிக்கிட்டு அவரு பேரைச் சொல்லிக் கத்துனேன். என் வாயால, மொதத் தடவையா. என்ன பேருன்னு ஒங்ககிட்டயும் சொல்ல மாட்டேன்.

சத்தமில்ல. இன்னொருக்கா கத்துனேன். மூணாந் தடவையும் கத்துனேன். எங்கிட்டோ ஒரு மயிலு அகவுச்சு, அவ்வளவுதான். செஞ்ச பாவமும் செஞ்சு, பலனும் இல்லாமப் போச்சேன்னு எனக்கு ஆத்திரம் பொங்கிருச்சு.

“அடப் பாவி மனுசா! காதுல என்ன ஈயத்தையா காச்சி ஊத்தியிருக்கு? ஒரு வாய் சோத்தைத் தின்னுட்டுப் போனா கிரீடம் எறங்கிருமா? என்னைய அத்துவானக் காட்டுல நிக்க வச்சுட்டு எங்கய்யா போய்த் தொலைஞ்சீரு?”

மூங்கிலுக்குள்ளேருந்து ஈனஸ்வரத்துல ஒரு சத்தம். “ஏன்டி கத்துற... இங்கிட்டுத்தான் இருக்கேன்.”

பாதையில முட்டி மோதி ஓடுனோம். ஒரு மூங்கித் தூர்ல சாஞ்சு கெடக்குறாரு. சட்டை நனைஞ்சு ஒடம்போட ஒட்டியிருக்கு, கையி வெடவெடன்னு ஆடுது. ஜாஸ்பின் தலையத் தாங்கிப் பிடிச்சு ஜூசைக் கொஞ்சங் கொஞ்சமாப் புகட்டுச்சு. நான் பக்கத்துல உக்காந்து தெய்வத்தை எல்லாம் கூப்பிட்டேன். மெல்ல மெல்லக் கண்ணு தெளிஞ்சுச்சு.

“வாய் ஓயாமக் கத்திக்கிட்டு வந்தோமே, காதுல விழுகலையா?” துண்டால அவரு மொகத்தைத் தொடச்சுக்கிட்டே கேட்டேன்.

“மொதல்ல எதுவும் கேக்கலை. பெறகு யாரோ பொம்பள என் பேரைச் சொல்லிக் கூப்புட்டா. என்னைய எந்தப் பொம்பள பேரு சொல்லுவா? செத்துப்போன எங்காத்தாதான் கூட்டிட்டுப் போக வந்துட்டான்னு நெனச்சேன். செத்தவுக கூப்புட்டா ஏன்னு கேக்கக் கூடாதுல்ல, அதான் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். அப்புறம் நீ திட்டுனியா, சரி, இன்னும் நம்ம போகலை, உசுரோடதான் இருக்கோம்னு தெரிஞ்சுச்சு.”

“அது நான்தாங்க. நான்தான் கூப்புட்டேன்”னேன்.

அந்த நெலமையிலயும் மனுசனுக்குச் சிரிப்பு வந்துச்சு. “போடி, ஒனக்கு ஏது அம்புட்டுத் தைரியம்!”

ஜாஸ்பின் உண்மையச் சொல்ல வாயத் தொறந்துச்சு. வேணாம்னு கண்ணக் காட்டுனேன். ஆத்தா கூப்புட்டதாவே இருந்துட்டுப் போகட்டும். பேருக்குச் சொந்தக்காரரே நம்பலைன்னா, ஆயுசு எப்படிக் கொறையும்?