வாங்காத சுற்று

திருப்பதி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், மருந்துக்கடை மாடியில், பன்னிரண்டு கம்ப்யூட்டர்களோடு ஒரு நெட் சென்டர் இருந்தது. 2007இல் அதன் கவுன்ட்டரில் அலர்மேல்மங்கை வேலை பார்த்தாள். வயது இருபத்தாறு. சொந்த ஊர் நகரி. அப்பா அங்கே விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். காலை வேளைகளில் ஹால்டிக்கெட் எடுக்கவும் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பவும் கூட்டம் வரும். மத்தியானத்துக்குமேல் வருகிறவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாட வருகிறவர்கள்.

அவர்களில் ஐந்து பேர் ஓர் அணி. எல்லோரும் ஒரே கல்லூரியில் எம்.சி.ஏ. கடைசி வருடம். தலைவன் எழிலரசன் நாகலாபுரத்துக்காரன். பலமனேரிலிருந்து வந்த சிரஞ்சீவிக்குக் கையில் அபார வேகம். எதிரே வருகிறவன் யாரென்று மற்றவர்கள் பார்ப்பதற்குள் சுட்டிருப்பான். இருந்தும் அந்த அணி வாரத்துக்கு நாலு நாள் தோற்றது. ஏன் என்று கவுன்ட்டரில் உட்கார்ந்தபடியே மங்கைக்குத் தெரிந்தது.

ஒவ்வொரு சுற்றும் தொடங்குமுன் சில நொடிகள் கொடுப்பார்கள். அதற்குள் கையிலிருக்கும் விளையாட்டுப் பணத்தில் துப்பாக்கியும் கவசமும் வாங்க வேண்டும். ஜெயித்தால் நிறையப் பணம் வரும், தோற்றால் கொஞ்சம். செத்தவனுக்கு வாங்கியதெல்லாம் போய்விடும். பிழைத்தவனுக்கு அடுத்த சுற்றிலும் அதே துப்பாக்கி இருக்கும். இவர்களோ வந்ததை வந்த சுற்றிலேயே அழித்தார்கள். இருவர் பெரிய துப்பாக்கியோடு ஓட, மூவர் சும்மா கிடைக்கும் வெறும் பிஸ்டலோடு பின்னால் ஓடுவார்கள். ஐந்து பேரும் ஒன்றாக நல்ல ஆயுதத்தோடு போன சுற்று அபூர்வம்.

கூட்டமில்லாத நேரத்தில் மங்கையும் மூலைக் கம்ப்யூட்டரில் விளையாடுவாள். அவளுக்குக் குறி சுமார்தான்.

சித்தூரில் ஒரு கல்லூரி விழாவில் இந்த விளையாட்டுக்குப் போட்டி என்று அறிவிப்பு வந்தது. அதற்குப் பத்து நாள் இருக்கும்போது அணியிலிருந்த ரங்கையாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து, அவன் மறுநாளே கிளம்பிவிட்டான். ஐந்தாவது ஆளுக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று எழிலரசன் கவுன்ட்டரில் வந்து கேட்டான். தானே வருவதாக மங்கை சொன்னாள். சிரஞ்சீவி சிரித்துவிட்டான். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"சுடறதுல நான் உங்க அளவுக்கு இல்ல. ஆனா யாரு எப்ப வாங்கறது, எப்ப வாங்காம இருக்கறதுன்னு நான்தான் சொல்லுவேன். அதுக்கு ஒத்துக்கினா வரேன்."

எழிலரசன் கொஞ்சம் யோசித்து, சரி என்றான்.

முதல் நாலு நாள் முன்பைவிட மோசமாகத் தோற்றார்கள். பிஸ்டலோடு போய்ச் சாவதற்கு எதற்கு விளையாட வேண்டும் என்று சிரஞ்சீவி முனகினான். ஒரு சுற்றில் வாங்காமல் விட்டுக்கொடுத்துப் பணம் சேர்த்தால் அடுத்த சுற்றில் ஐந்து பேரும் முழு ஆயுதத்தோடு போகலாம் என்று மங்கை திரும்பத் திரும்பச் சொன்னாள். ஐந்தாம் நாள், எப்போதும் தங்களைத் தோற்கடிக்கும் பக்கத்துத் தெரு அணியை ஜெயித்தார்கள். அதன்பிறகு முனகல் குறைந்தது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. எட்டு அணிகள். பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் மங்கையைப் பார்த்து, வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அந்தப் பக்கம் என்று தெலுங்கில் சொன்னார். அவள் பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினாள்.

மத்தியானத்துக்குள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். பதினாறு சுற்று ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை. ஒரு சுற்றில் ஐந்து பேரும் செத்து, எதிரணி பதின்மூன்று, இவர்கள் பன்னிரண்டு என்று ஆனது. யார் கையிலும் இரண்டாயிரத்துக்குமேல் இல்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். இருப்பதற்கு ஏதாவது வாங்கிவிடலாம் என்றான் எழிலரசன்.

"வேணாம். இந்த ரவுண்டு போவட்டும். யாரும் ஒண்ணும் தொடாதீங்க" என்றாள் மங்கை.

தான் சொன்னது தப்பாகிவிட்டால் இந்த நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது?

சிரஞ்சீவியால் பொறுக்க முடியவில்லை. கடைசி நொடியில் ஒரு சின்ன துப்பாக்கி வாங்கிக்கொண்டு ஓடினான். முதல் மூலையிலேயே செத்தான். அந்தச் சுற்றும் போயிற்று. எதிரணிக்குப் பதினான்கு.

அடுத்த சுற்றில் மற்ற நாலு பேரிடமும் முழு ஆயுதம் வாங்கப் பணம் இருந்தது. சிரஞ்சீவியிடம் கவசத்துக்கு மட்டுமே இருந்தது. தலையைக் குனிந்தபடி அதை வாங்கினான். மங்கை ஒரு பெரிய துப்பாக்கியை வாங்கி, அவன் காலடியில் போட்டாள். தன்னிடம் பிஸ்டலை மட்டும் வைத்துக்கொண்டாள்.

"எடுத்துக்கோ. நான் உன் பின்னால வந்துக்கினே இருக்கேன்."

அவன் அதை எடுத்துக்கொண்டு ஓடினான். அந்தச் சுற்றில் மூன்று பேரை அவன் ஒருவனே சுட்டான். விழுந்தவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மங்கை நாலாமவனைச் சுட்டாள். ஜெயித்த பணம் வந்தது, பிழைத்தவர்களுக்குத் துப்பாக்கியும் மிச்சம். இப்போது பணத்துக்குத் திண்டாடியது எதிரணி. ஆளுக்கொன்றாக, கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வந்தார்கள். இவர்களுக்குப் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. கடைசிச் சுற்று முடிந்தபோது எழிலரசன் ஹெட்போனைக் கழற்ற மறந்து எழுந்து நின்றான். அதன் வயர் கம்ப்யூட்டரை இழுத்தது.

திரும்பி வரும்போது பசி தாங்காமல் புத்தலப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கித் தோசை சாப்பிட்டார்கள். சிரஞ்சீவி இரண்டாவது தோசையைப் பாதியில் நிறுத்தினான்.

"அக்கா, நான் வாங்கினத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"திட்டிக்கினு இருந்தா அடுத்த ரவுண்டுக்கு வாங்கற நேரம் போயிடும். துன்னு, பஸ்ஸு வந்துடும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு இன்னொரு தோசை சொன்னான்.

அங்கிருந்தே மங்கை வீட்டுக்குப் போன் செய்தாள். துப்பாக்கிப் போட்டியில் ஜெயித்ததாகச் சொன்னதும் அப்பாவுக்குப் போலீஸ் வேலைக்கான பரீட்சை என்று பட்டுவிட்டது. எந்த ஸ்டேஷனில் போடுவார்கள் என்று கேட்டார். "கம்ப்யூட்டர் நைனா, கம்ப்யூட்டர்" என்று அவள் விளக்குவதற்குள், அவர் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது போனில் கேட்டது. ஊருக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

படிப்பு முடிந்ததும் எழிலரசன் சென்னைக்கு வேலைக்குப் போனான். போகுமுன், திருப்பதியிலேயே வேலை தேடிக்கொண்டிருந்த மற்றவர்களைக் கூப்பிட்டு, இனி மங்கைதான் தலைவி என்று சொல்லிவிட்டுப் போனான். காலி இடத்துக்கு ஆள் தேவை என்று அவள் கதவில் தாள் ஒட்டினாள். முதலில் வந்தது, பேங்க் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்ப வந்த சுமித்ரா என்கிற பெண். பக்கத்து நாற்காலியைச் சிரஞ்சீவி அவளுக்கு இழுத்துப் போட்டான்.