அரை மணி பிந்திய வீடு

மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள ஒரு குப்பத்தில், போன ஆனி மாதம் மூர்த்தியின் வீட்டில் மட்டும் பொழுது அரை மணி தாமதமாக விடியத் தொடங்கியது. பக்கத்து வீட்டு சம்பூர்ணம் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்த பிறகும் அந்த வீடு இருட்டாகவே கிடக்கும். ஊர் இரண்டொரு நாள் வேடிக்கை பார்த்தது. அப்புறம், அது கருவாடு காயப்போட லாயக்கில்லாத வாசல் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

எல்லாம் மூர்த்தியின் பொறாமையால் வந்தது. அவன் மனைவி வினிதாவுக்கு சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கிருக்கும் ரௌட்டர், சுவிட்ச் என்கிற நெட்வொர்க் பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டும்படி அமைத்துவைப்பாள். அவை அத்தனையும் ஒரு தலைமைக் கடிகாரத்தைக் கேட்டு நடப்பவை. அதைப் பார்த்துக்கொள்பவன் அரவிந்தன். விடியற்காலை கம்பெனி அனுப்பும் கேப் காரில் அவளோடு போகிறவனும் அவன்தான். அரவிந்தன் டைம் கொடுத்தால்தான் ஆபீசே ஓடும் என்று குழம்பு ஊற்றும்போது அவள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். அன்றைக்கு மூர்த்தி பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

வீட்டு ரௌட்டரையும் அவள் அந்தக் கடிகாரத்தோடுதான் இணைத்திருந்தாள். அவள் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்த மூர்த்தி, அந்த இணைப்பைத் துண்டித்து நேரத்தைக் கையால் அரை மணி பின்னுக்கு வைத்தான். கேபைத் தவறவிடட்டும் என்பது கணக்கு. அவள் வைத்திருந்த பாஸ்வேர்டு புருஷன் பெயர்தான். அதைத் தட்டும்போதாவது புத்தி வந்திருக்கலாம், வரவில்லை. அவள் செல்போன் மட்டும் பிந்தும் என்று நினைத்தான், வீடே பிந்திவிட்டது. தானும் அதே வீட்டில்தான் படுத்து எழுகிறோம் என்பது, கரைக்குப் போனபோது, கூட மீன்பிடிக்கும் நரசிம்மன் அவனை விட்டுவிட்டுப் படகை இறக்கிப் போயிருந்ததைப் பார்த்துத்தான் உறைத்தது. அப்போதும் அதை மாற்ற அவனுக்கு மனம் வரவில்லை.

இன்னொரு நாள் தாமதமானால் வரவே வேண்டாம் என்று ஆபீசில் சொன்ன பிறகு, வினிதா ரௌட்டரைத் திறந்து பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள். சண்டை போடவில்லை.

"ந்தா, சரி பண்றேன், வெளிய போவாத. வூட்டுக்குள்ள கீறவங்களுக்குத்தான் டைம் ஒண்ணாவும்" என்றாள்.

"யாரு டைமு?"

"ஆபீஸ் டைமுதான்."

"அந்த அரவிந்தன் டைமுக்கு நான் இன்னாத்துக்கு நடக்கணும்?"

அவள் பட்டனைத் தட்டுவதற்குள் மூர்த்தி வாசலைத் தாண்டி மணலில் இறங்கிவிட்டான். வீட்டுக்குள் வெயில் வந்துவிட்டது. அவன் மட்டும் அரை மணி பின்னால் நின்றுபோனான்.

அதன்பின் அவர்கள் சந்திக்கவில்லை. அவன் வரும்போது அவள் அரை மணி முன்னால் போயிருப்பாள். லீவு போட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும், அவள் எழுந்துபோய் அரை மணி ஆன பிறகுதான் அவன் வருவான். பாயில் அவள் படுத்த சூடு இருக்கும், அவள் இருக்கமாட்டாள். நரசிம்மன் இப்போது அவனை அரை மணி முன்னதாகவே வரச்சொல்லிப் படகில் ஏற்றிக்கொள்கிறான். மனைவிக்கு அந்த வழி பலிக்கவில்லை.

தினமும் கேப் ஏறும் முன் அவள் காலி வாசலைப் பார்த்துச் சொல்வாள்: "அந்த அரவிந்தன் மூஞ்சிகூட எனக்கு நெனப்புல இல்ல. என் மனசுல நீ மட்டுந்தான் கீற." குப்பத்தில் எல்லோருக்கும் அது மனப்பாடம். சம்பூர்ணம் ஒருநாள் அவனை நிறுத்திச் சொல்லப்போனாள். அடுத்தவள் வாயால் அதைக் கேட்க மாட்டேன் என்று காதைப் பொத்திக்கொண்டான். இப்போது அவனுக்கு அரவிந்தன்மேல் கோபமில்லை. அந்தப் பேச்சைத் தினமும் கேட்கிற சம்பூர்ணத்தின்மேல்தான் வயிற்றெரிச்சல்.

வினிதா கிளம்பும்போது டீயைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, தட்டுப்போட்டு மூடிவைக்கிறாள். அவன் வரும்போது அது குடிக்கிற சூட்டில் இருக்கிறது.