கியாவின் பாப்பா

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் கழித்துக் கிளம்பினார்கள். கார் கிறைஸ்ட்சர்ச்சைத் தாண்டுவதற்குள் பிலிப்பா தன் நிபந்தனையை இன்னொரு தடவை சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் பாதி ராத்திரியில மூட்டை கட்ட வெச்சேன்னா, டென்ட்டை வித்துடுவேன். அடுத்த வருஷத்துலேருந்து மோட்டல்தான்."

"வைக்க மாட்டேன்," என்றான் ரோரி.

போன கோடையில், இதே கிறிஸ்துமஸ் சமயத்தில், ஏரிக்கரையில் அவர்கள் தங்கியது பாதி இரவுதான். ஓட்டிஸுக்கு அப்போது இரண்டு வயது. விடாமல் அழுதான். மழையில் கூடாரத்தைப் பிரித்துக் காரில் திணித்துக்கொண்டு கிளம்பியபோது அக்கம்பக்கத்துக் கூடாரங்களில் கை தட்டினார்கள். வருடம் முழுக்க அடுத்தவர் வீட்டு ஃபிரிஜ்ஜைப் பழுது பார்க்கிற ரோரிக்கு இந்த ஒரு வாரம்தான் வருடம். அந்தக் கைதட்டல் இன்னும் அவன் காதில் இருந்தது.

ஓட்டிஸ் பின்சீட்டில் நூநூவைச் சப்பிக்கொண்டிருந்தான். நீல நிற ரப்பர் சூப்பான். அது வாயில் இல்லாமல் அவன் ஒருநாளும் தூங்கியதில்லை. வீட்டில் இரண்டு இருந்தன. கிளம்பும்போது ஒன்றைத்தான் காணமுடிந்தது.

"இன்னொண்ணு எங்க?" என்று பிலிப்பா வாசலிலேயே கேட்டிருந்தாள்.

"கட்டிலுக்கடியில கிடக்கும். ஒண்ணு போதும், ஏறு."

 அவள் வெயில் கிரீமை மறந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே போய்விட்டு வந்தாள்.

கணவாய் ஊரில் சாப்பிட நிறுத்தினார்கள். மூத்தவள் மேவ், ஏழு வயது, மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட பை வேண்டும் என்றாள். ஓட்டிஸும் வேண்டும் என்றான். வாயில் நூநூவுடன் பை தின்ன முடியாது. ரோரி அதை உருவிக் கார் கூரைமேல் வைத்தான். ஒரு நிமிடத்துக்குத்தான்.

ஒரு கியா, அந்த மலைக்கிளி, வந்து கார் முகப்பில் இறங்கியது. பச்சை உடம்பு, வளைந்த மூக்கு, ரவுடி நடை. நேரே வைப்பரிடம் போய் அதன் ரப்பரைப் பிடித்து இழுத்தது.

"ஏய்! ஏய்! அது என் வைப்பர்!" ரோரி கையை வீசினான். கியா ஒரு குதி பின்னால் போனது, தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது, மறுபடியும் இழுத்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் போட்டோ எடுத்தது.

"ரோரி," என்றாள் பிலிப்பா, பையைக் கடித்தபடியே. அவள் மலைக்கு அந்தப் பக்கம் மேற்குக் கரையில் வளர்ந்தவள். "அது சும்மா கூத்து காட்டுது. இன்னொண்ணு எங்கேன்னு பாரு."

இன்னொன்று கூரைமேல் இருந்தது. அவன் திரும்புவதற்குள் பறந்து கடையின் தகரத்தில் போய் உட்கார்ந்தது. அலகில் நீலமாக ஒன்று.

"அம்மா! அது சப்புது!" மேவ் குதித்தாள்.

"ஆக்லாந்துக்காரனைக் கட்டிக்கிட்டா இப்படித்தான்," என்றாள் பிலிப்பா. "அங்க புறா மட்டும்தானே. கார்மேல தங்கத்தையே வைக்கலாம்."

கடையில் பை இருந்தது, தபால் அட்டை இருந்தது, கியா பொம்மைகூட இருந்தது. சூப்பான் இல்லை. திரும்பி வந்தபோது தகரத்தில் கியாக்களும் இல்லை.

"திரும்பிடலாமா?" என்று ரோரி மெல்லக் கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? உன் டென்ட். நீயே சொல்லு."

அவன் மலையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வண்டியை மேற்கே விட்டான்.

 கொஞ்ச தூரம் போனதும் ஓட்டிஸ் ஆரம்பித்தான்.

"கியாவுக்கு என் நூநூ எதுக்கு?"

ரோரி வாயைத் திறந்தான். மேவ் முந்திக்கொண்டாள்.

"அதோட பாப்பாவுக்கு," என்றாள் மேவ், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "பாப்பா ரொம்ப அழுதுச்சாம்."

ஓட்டிஸ் யோசித்தான். "அது தூங்கணுமா?"

"ஆமா."

"சரி," என்றான் ஓட்டிஸ்.

ரோரி கண்ணாடியில் மகளைப் பார்த்தான். மேவ் கண்ணடித்தாள். இரண்டு கண்ணும் சேர்ந்து மூடின.

ஏரிக்கரையில் கூடாரம் ஒரே முயற்சியில் நின்றது. சாஸேஜ் சுட்டு ரொட்டியில் சுற்றித் தின்றார்கள். மணல் ஈக்கள் அவர்களைத் தின்றன. குழந்தைகள் பல் துலக்கிப் படுத்தபோதும் வெளிச்சம் போகவில்லை. ரோரி ஓட்டிஸின் பக்கத்தில் நீட்டிப் படுத்து அழுகைக்காகக் காத்திருந்தான்.

"அப்பா."

வந்துவிட்டது என்று நினைத்தான். "என்னடா?"

"கியா பாப்பா தூங்கிடுச்சா?"

"தூங்கிடுச்சு."

"நீ பாத்தியா?"

"இல்ல."

"போய்ப் பாரு."

ரோரி ஜிப்பைத் திறந்து வெளியே போய் நின்றான். ஈக்கள் கணுக்காலைக் கண்டுபிடித்தன. பக்கத்தில் நின்ற காரவன் வீட்டு வண்டியின் முன்னால் ஒரு பெரியவர் மடக்கு நாற்காலியில் பீர் குடித்துக்கொண்டிருந்தார். ரோரி உள்ளே போனான்.

"தூங்கிடுச்சு."

"கண்ணை மூடிருக்கா?"

அதையும் பார்க்கப் போனான்.

"வாய்ல நூநூ இருக்கா? கீழ விழுந்துடுச்சா?"

மூன்றாவது தடவை பெரியவர் கேட்டேவிட்டார். "என்னப்பா தேடுற?"

"கியா குஞ்சு தூங்குதான்னு பாக்கறேன்."

பெரியவர் ஒரு வாய் குடித்தார். "தூங்குதா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"அவன்கிட்ட அப்படிச் சொல்லித் தொலைக்காதே. தூங்குதுன்னு சொல்லு. குறட்டை விடுதுன்னு சொல்லு."

ரோரி சொன்னான். ஓட்டிஸுக்குச் சிரிப்பு வந்தது. குறட்டை எப்படி என்று கேட்டான். ரோரி விட்டுக் காட்டினான். மேவும் விட்டாள். காரவன் பக்கமிருந்தும் ஒரு குறட்டை வந்தது.

"அம்மா கியா தூங்கிடுச்சா?"

ரோரி மறுபடி வெளியே போனான். இந்தத் தடவை கொஞ்ச நேரம் நின்றான். ஏரிக்கு அப்பால் மலை கறுத்துக்கொண்டிருந்தது. அம்மா கியாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே உள்ளே குனிந்தான்.

ஓட்டிஸ் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். வாய் காலியாக இருந்தது. மேவும் தூங்கிவிட்டிருந்தாள்.

பிலிப்பா மட்டும் உட்கார்ந்திருந்தாள். மூடிய கையை அவன் முன்னால் நீட்டி விரித்தாள். நீல நூநூ.

ரோரிக்குச் சத்தம் போட முடியவில்லை. "இது எங்க இருந்துச்சு?"

"கட்டிலுக்கடியில. நீதானே சொன்ன."

"காலையிலேருந்து கையிலயா வெச்சிருந்த? ஏன் சொல்லல?"

"அவன் அழட்டும், குடுக்கலாம்னு இருந்தேன்." அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "அவன் அழவே இல்ல. அப்புறம் நீ எத்தனை தடவை போறேன்னு பாக்கலாம்னு தோணுச்சு."

"ஈ என்னைத் தின்னுடுச்சு."

"பாத்தேன்."

அவன் கணுக்காலைச் சொறிந்தான். "அப்போ, அடுத்த வருஷம் மோட்டலா?"

"மோட்டல்ல கியாவைப் பாக்க எங்க போவ? பார்க்கிங்லயா?" அவள் நூநூவை அவன் கையில் வைத்துவிட்டுத் தூக்கப் பைக்குள் நுழைந்தாள். "இதை எங்கயாவது மறைச்சு வை. காலையில அவன் கண்ணுல படக்கூடாது."

ரோரி காருக்குப் போனான். கூரையை ஒரு தடவை பார்த்தான். பிறகு கதவைத் திறந்து, நூநூவை டாஷ்போர்டு பெட்டியில் போட்டுப் பூட்டினான்.