போதிக் கன்றுக்குப் போட்ட பாத்தி

"இன்னாமே, மறுபடியும் கல்ல உருவறியா?"

வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு நிலவன் பின்வாசலில் நின்று கேட்டான். வியாசர்பாடியில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண் தரை உண்டு. அவன் மனைவி ரமாபாய் அங்கே குந்தியிருந்தாள். கையில் ஈரச் செங்கல்.

"உருவலய்யா. கழுவித் திருப்பி வெக்கிறேன். இந்தப் பக்கம் வெள்ளையா கீது."

"நேத்தும் இதத்தான் சொன்ன."

"நேத்து அந்தப் பக்கம்."

பாத்தியின் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஓர் அரசங்கன்று. போன அக்டோபரில், அதாவது இரண்டாயிரமாவது வருஷத்தில், தெருவிலிருந்து நாற்பது பேர் நாகபுரிக்கு ரயிலேறிப் போனார்கள். திரும்பும்போது அங்குள்ள போதி மரத்தின் கன்றான இதைத் தண்ணீர் பாட்டிலில் வேர் நனையக் கொண்டுவந்தார்கள். தெருமுனையில் கட்டிவரும் சின்ன விகாரையின் வாசலில் புத்த பூர்ணிமா அன்று நடவேண்டும். அதுவரை யார் வளர்ப்பது என்று பேச்சு வந்தபோது ரமாபாய்தான் கையைத் தூக்கினாள். இன்னும் பதினோரு நாள்தான். அழைப்பிதழ்கூட அச்சாகிவிட்டது.

கன்றின் இலைகளோ ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. தினம் ஒன்றிரண்டு உதிர்ந்தன.

"வெயிலுய்யா" என்றாள்.

"வெயிலு ஊருக்கெல்லாந்தான் அடிக்குது."

அவள் செம்பை எடுத்துக் கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினாள். மாசியில் ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கை இடித்தார்கள். லோடு ஏற்றப் போன நிலவன் முப்பது செங்கலைக் கேட்டு வாங்கி மீன்பாடி வண்டியில் கொண்டுவந்தான். ஊற்றும் தண்ணீர் வெளியே ஓடாமல் இருக்கப் பாத்தியைச் சுற்றிச் சாய்த்துச் சாய்த்து, பல்வரிசைபோல, ரமாபாய்தான் நட்டாள். பார்த்தவர்களெல்லாம் "சோக்கா கீது" என்றார்கள். ஆனால் கல்லில் வெள்ளை பூத்துக்கொண்டே இருந்தது. பழைய சுண்ணாம்பு என்று அவளும் கழுவிக்கொண்டே இருந்தாள். போதிக் கன்றைச் சுற்றி அழுக்குக் கல் இருந்தால் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அன்று பத்து மணிக்குக் கருவாட்டுக் கூடையோடு பச்சையம்மா வந்தாள். முகத்துவாரக்குப்பத்துக்காரி. தண்ணீர் கேட்டுப் பின்பக்கம் வந்தவள் கூடையை இறக்கினாள், செம்பை வாங்காமல் பாத்தியையே பார்த்தாள்.

"இன்னாடி இது, காஞ்ச கருவாட்டு மேல பூக்கறாப்போல பூத்துகீது?"

"சுண்ணாம்புக்கா."

பச்சையம்மா குனிந்து கல்லை விரலால் தடவி நாக்கில் வைத்தாள்.

"அய்ய, கலீஜு! கல்லப் போயி நக்கற!"

"நீயும் நக்கிப் பாரு."

ரமாபாய் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தாள். கரித்தது.

"எந்த வூட்டுக் கல்லுடி?"

"வூடு இல்லக்கா. ராயபுரத்துல ஏதோ குடோனு."

"ஏதோ குடோனா? உப்பு மூட்ட அடுக்குன குடோனா இருக்கும். கல்லு குடிச்சி வெச்சிகீது. தெனம் கழுவுனியா?"

"ரெண்டு வாட்டி."

"கழுவுன தண்ணி எங்க போச்சி?"

ரமாபாய் பாத்தியைப் பார்த்தாள்.

"கன்னயே ஊறுகா போட்டுட்டியேடி!"

நிலவன் மத்தியானம் சாப்பிட வந்தபோது முப்பது செங்கலும் சந்தில் கிடந்தன. சோறு ஆக்கவில்லை. ரமாபாய் பின்வாசலுக்கும் தெருவாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னாள், சொல்லும்போதும் நிற்கவில்லை.

"ஒக்காருமே, தல சுத்துது."

"அன்பரசு தம்பியாண்ட இன்னா சொல்லுவேன்?" தபால் ஆபீஸில் வேலை செய்யும் அன்பரசன்தான் விகாரைக்குச் செயலாளர்.

"ஒண்ணும் சொல்லாத. அரசங்கன்னு இன்னா கெடைக்காத சரக்கா? கால்வா மதகுல ரெண்டு மொளச்சிகீது. இதே ஒசரம். புடுங்கினு வந்து வெச்சிட்டா யாருக்குத் தெரியும்?"

"எனுக்குத் தெரியும்."

"நீ சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன். ஆனா ஒவ்வொருத்தரும் வந்து கும்புடுவாங்க. நான் பக்கத்துல நின்னுகினு பாக்கணும். என்னால முடியாதுய்யா."

"கல்லு கொண்டாந்தது நானு. என் பேரச் சொல்லிக்கோ."

"கழுவுனது யாரு?"

அவன் அடுப்பைப் பார்த்தான். அவள் செருப்பை மாட்டினாள்.

அன்பரசன் அவளுடனேயே வந்தான். குனிந்து இலைகளைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தண்டில் நகத்தால் லேசாகக் கீறினான். உள்ளே பச்சை.

"உசுரு கீதுக்கா. இந்த மண்ணுல இன்னும் பத்து நாளு இருந்தா இருக்காது."

"அதுக்கு?"

"இன்னிக்கே விகாரை வாசல்ல வெச்சிடலாம். அங்க நல்ல மண்ணு."

"பத்திரிக்கைல பூர்ணிமான்னு போட்டுகீதே தம்பி! ஆளு வராங்க!"

"ஆளு வந்து செத்த கன்ன நடறதுக்குப் பதிலா, நட்ட கன்னப் பாத்துட்டுப் போவட்டும்."

வேர் மண்ணைத் தண்ணீரில் அலசி, நான்கு மணி வெயில் தணிந்ததும் மூன்று பேருமாக நட்டார்கள். மறுநாள் மீதி இலைகளும் கொட்டின. ரமாபாய் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போய்த் தண்டைக் கீறிப் பார்த்தாள். வழியில் யார் கேட்டாலும் "கீது, கீது" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தாள்.

பூர்ணிமா அன்று தெரு முழுக்க வெள்ளைச் சேலை. பெரம்பூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் தண்டபாணி விளக்கேற்றிவிட்டு வாசலுக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கன்று எங்கே?"

அன்பரசன் வாயைத் திறப்பதற்குள் ரமாபாய் முன்னால் வந்துவிட்டாள்.

"இதான் சார். இந்தக் குச்சிதான்." யாரோ மைக்கை அவள் பக்கம் நீட்டிவிட்டார்கள். "உப்புக் கல்லுல பாத்தி கட்டி, அதக் கழுவிக் கழுவி வேருல உட்டது நான்தான். கன்னு மேல தப்பு இல்ல. கமிட்டி மேலயும் இல்ல."

கூட்டத்தில் முணுமுணுப்பு. நிலவன் தலையைக் குனிந்துகொண்டான்.

தண்டபாணி குனிந்து பார்த்தார். "உயிர் இருக்கிறதா அம்மா?"

"நேத்து கீறிப் பாத்தேன் சார், இருந்திச்சி. இன்னிக்குக் காலைல கீறுனேன், பச்சையா, மஞ்சளான்னு தெரியல. இருங்க, இப்ப ஒருவாட்டி..."

"கைய எடுடி!" கூட்டத்தின் பின்னாலிருந்து பச்சையம்மாவின் குரல். "உப்புல பொழச்சத நீ கீறியே கொன்னுடுவ!"

சிரிப்பு எழுந்தது. ரமாபாய் சிரிக்கவில்லை. நீட்டிய விரலை மடக்கி, கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, அந்தக் குச்சிக்குப் பக்கத்திலேயே நின்றாள்.