மாப்பிள்ளையின் முகம்

அவரைச் சிறையின் பார்வையாளர் அறைக்குள் கூட்டிவந்தார்கள். வாசலைத் தாண்டி இரண்டடி வைத்தவர் என்னைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். தலைத்துணி இல்லை. இருந்திருந்தால் அதன் நுனியை இழுத்து மூக்குவரை மூடிக்கொண்டிருப்பார். கை பழக்கதோஷத்தில் கழுத்துப் பக்கம் போய், ஒன்றும் அகப்படாமல் கீழே இறங்கியது. அவர் எதிர்பார்த்தது என் மகளை. வந்திருந்தது மாமியார்.

"உன்னைப் பாக்க இஷ்டமில்லையாம்மா. கிளம்பு, கிளம்பு" என்றான் காவலன்.

தெற்கே பாலைவனத்திலிருக்கும் எங்கள் ஊர் எல் அயூனிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் பஸ்ஸில் குலுங்கி வந்த இடுப்பு இது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இஷ்டமில்லாம இல்லய்யா. இது மரியாதை."

"முதுகக் காட்டுறதா மரியாதை?"

"நான் இவர் பொண்டாட்டியப் பெத்தவ. எங்க பக்கத்துல மாப்பிள்ளை மாமியார் மொகத்துக்கு மொகம் பாக்கமாட்டார். அவ முன்னாடி ஒரு வாய் சாப்பிடவும் மாட்டார்."

அவன் வடக்கத்திக்காரன். "முன்னாடியே தெரியாமப் போச்சே, அங்கயே பொண்ணு எடுத்திருப்பேன்" என்று சிரித்தான். ஆனாலும் என்னை வெளியே தள்ளவில்லை.

கல்யாணமாகி ஐந்து வருஷம். மாப்பிள்ளை ஸிதாத்தி வீட்டுக்கு வந்தால் நான் இருமிவிட்டுத்தான் கூடத்துக்குள் நுழைவேன். சமையல் கேஸ் தீர்ந்துபோனால்கூடக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சொல்வார். பக்கத்து வீட்டு மைமூனா, "ஒம் மாப்பிள்ளைக்கு வாய்னு ஒண்ணு இருக்கா இல்லையாடி?" என்று கேலி பண்ணுவாள். இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்தது, எங்கள் மண்ணைப் பிடித்துவைத்திருக்கும் வடக்கத்தியார் தடைசெய்த எங்கள் கொடியைத் தெருவில் பிடித்துக்கொண்டு அவர் சத்தம் போட்ட அன்றுதான். அதற்குத்தான் இவ்வளவு தூரத்தில் கொண்டுவந்து அடைத்திருக்கிறார்கள். ஊருக்குப் பக்கத்துச் சிறைக்கு மாற்று என்று கேட்டு அவர் சாப்பாட்டை விட்டார். இப்போது சர்க்கரைத் தண்ணீரையும் விட்டுவிட்டார் என்று செய்தி வந்தது. மகள் தெக்பருக்கு மாதம் எட்டு, பஸ் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லை, ஒரே அண்ணன் ராணுவம் எழுப்பிய மணல்சுவருக்கு அந்தப் பக்கம் அகதி முகாமில். நான்தான் மிச்சம். "சாப்பிடச் சொல்லாதம்மா, கோவப்படுவார். சர்க்கரைத் தண்ணி மட்டும் குடிக்கச் சொல்லு" என்று மகள் அனுப்பினாள். எந்த மாமியார் முன்னால் எந்த மாப்பிள்ளை குடிப்பார் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மேசைமேல் ஒரு டம்ளர் இருந்தது. சர்க்கரைத் தண்ணீர்தான். என்னை வைத்துக் குடிக்கவைத்துவிடலாம் என்று அவர்களும் கணக்குப் போட்டிருப்பார்கள். எனக்கு அதுவும் கசந்தது.

நாற்காலியைத் திருப்பிப் போட்டு எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னால் இன்னொரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நடுவில் மேசை. காவலன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"பொண்ணு நல்லா இருக்கா. வயிறு எறங்கிடுச்சு" என்றேன் சுவரிடம்.

"நீங்க எதுக்கு அத்தை அலையணும்?" குரல் காய்ந்துபோயிருந்தது.

"வேற யாரு இருக்கா?"

தலையைத் திருப்பாமல் பின்கையால் மேசையைக் காட்டினேன்.

"அந்தத் தண்ணியக் குடிச்சிடுங்க. நான் பாக்கல."

"குடிச்சா அவங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்."

"சோறு திங்கச் சொல்லல. நீங்க கேட்டது கேட்டதாவே இருக்கட்டும். கேக்குறதுக்கு ஆள் இருக்கணும்ல?"

சொல்லவேண்டும் என்று நான் நினைத்து வராத ஒன்று அப்போது வாயில் வந்துவிட்டது.

"தெக்பர் வயித்துல இருக்கும்போதுதான் அவ அப்பாவக் கொண்டுபோனாங்க. எந்தச் சிறைன்னுகூட யாரும் சொல்லல. அந்த மொகத்தக் கடைசியா யாரு பாத்தாங்கன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது."

காவலன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அத்தை" என்றார். "இந்தப் பக்கம் திரும்புங்க."

எனக்கு உடம்பு கூசியது. அப்படியே இருந்தேன். "திரும்புங்க அத்தை. நீங்களாவது பாத்துக்குங்க" என்று மறுபடியும் சொன்னார். திரும்பினேன்.

கண்ணும் பல்லும்தான் பெரிதாக இருந்தன. கன்னம் உள்ளே போயிருந்தது. இடது புருவத்துக்கு மேல் ஒரு பழைய தழும்பு. ஐந்து வருஷமாக என் வீட்டுக்கு வந்துபோனவரின் முகத்தை அப்போதுதான் பார்க்கிறேன். டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தார். கொஞ்சம் சட்டையில் சிந்தியது. என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தார். நான் கண்ணைத் தாழ்த்தினால் நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பஸ் நிலையத்துக்கு வந்ததும் முதல் வேலையாக மகளுக்குப் போன் போட்டேன். அவ்வளவு சந்தோஷம். என்னைத் தன் சொந்தத் தாயாகவே நினைத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியிருந்தது.

"குடிச்சிட்டார்டி. முழு டம்ளரும்."

"நெசமாவா? ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேனே. என்னைத் திரும்பச் சொன்னார். என் கண்ணு முன்னாடியே குடிச்சார்."

"ஒன் முன்னாடியா? மொகத்தக் காட்டிக்கிட்டா?"

"ஆமா."

தெக்பர் மெல்லச் சொன்னாள். "அப்போ வீட்டுக்குத் திரும்பி வரமாட்டோம்னு நெனச்சுட்டாரும்மா."

நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். எல் அயூன் பஸ் வந்தது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எல்லோரும் பொட்டலம் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். அந்த பஸ்ஸில் நான் முகம் மறைக்கவேண்டியவர் ஒருவரும் இல்லை. வண்டி தெற்கே திரும்பியதும், உடம்பைச் சுற்றியிருந்த மெல்ஃபாவின் நுனியை இழுத்து, மாப்பிள்ளை கூடத்தில் இருக்கும்போது செய்வதைப் போல முகத்தை மூடிக்கொண்டேன். ஊர் வரும்வரை எடுக்கவில்லை.