அண்ணி ஆங்கிலத்தில் ஆசைப்படுகிறாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கதை எழுதும் உத்தேசமே எனக்கில்லை. அடுத்தவர் நடந்துகொள்ளும் விதம் மாறாதா என்ற ஏக்கத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று ஒரு பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்தேன். 'ஐ விஷ் யூ வுட்' என்று தொடங்கி, அவர் செய்ய வேண்டியதைச் சேர்த்தால் போதும். எடுத்துக்காட்டுக்கு ஒரு தையற்காரியை அழைத்தேன். அவள் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

2

அந்தி சாயும் நேரம், இரண்டு மிஷின்களும்... (வேண்டாம். எல்லாக் கதையிலும் அந்தி சாய்ந்தாயிற்று.)

இருவருக்கும் ஒரே கடை. அண்ணி தைத்து வைத்ததை நாத்தனார் வாய் திறக்காமல் பிரித்து மறுபடி தைப்பாள். அண்ணியும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது வேறொரு கடையில் அண்ணியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாளைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நாத்தனாருக்கு இது தெரியாது. (நீங்கள் உளறிவிடாதீர்கள்.)

3

மாலை ஆங்கில வகுப்பு. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "பக்கத்துல இருக்கறவங்க என்ன செஞ்சா தேவலைன்னு சொல்லுங்க" என்றாள் டீச்சர்.

அண்ணி எழுந்தாள். "ஐ விஷ் யூ வுட் ஸ்டாப் ரிமூவிங் மை ஸ்டிச்சஸ்."

என் தையலைப் பிரிக்காமல் இருக்க மாட்டாயா என்று பொருள். டீச்சர் கை தட்டினாள்.

நாத்தனாரின் முகம் சிவந்து... (சிவந்ததா? நான் பார்க்கவில்லை.) "ஐ விஷ் யூ வுட் டெல் மீ அட் ஹோம்." இதை வீட்டிலேயே சொல்ல மாட்டீர்களா என்று பொருள்.

"எக்ஸலண்ட்! ரெண்டு பேரும் வீட்ல நல்லா பேசிப் பழகியிருக்கீங்க!"

4

தெருவில்:

"ஏன் அண்ணி, அத்தனை பேர் முன்னாடியா?"

"பாடம்தானேடி."

"பாடத்துக்கு யாராவது அப்படி முறைப்பாங்களா?"

"பிரிக்கறப்ப நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவீங்க. துணி வாங்க வர்றவங்க உங்களைக் குறை சொல்லக் கூடாதுன்னுதான் பிரிச்சேன்."

"அப்ப என் தையல் கோணல்ங்கற!"

"லேசா."

5

முதல் முடிவு: அண்ணி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறாள். அடித்துவிட்டேன், எனக்கே மனசு வரவில்லை.

இரண்டாம் முடிவு: கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அண்ணியே மறுத்துவிட்டாள். "நடுத்தெருவுலயா? எழுதறவருக்கு வேற வேலை இல்லையா?"

அவள் அந்த இன்னொரு கடையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டாளா என்று ஏங்குவதோடு என் அதிகாரம் முடிந்தது. இந்த வகை ஆசைக்கு அதுதான் விதி: ஆசைப்படுவது நம் பாடு, செய்வதும் செய்யாததும் அவர்கள் பாடு.

6

அண்ணி நின்றாள். "இங்க பாரு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இங்கிலீஷ்லயா?"

"இல்லடி."

நாத்தனார் கிண்டலை நிறுத்தினாள். "சொல்லுங்க அண்ணி."

வாசகரே, அவள் என்ன சொன்னால் தேவலை என்று நினைக்கிறீர்களோ, நீங்களே அவள் காதில் போட்டுப் பாருங்கள். என் பேச்சைத்தான் அவள் கேட்கவில்லை.