அடுப்படியை விட்டு வெளியே வந்த ஃபிரிட்ஜ்

“அங்கனயே நில்லு. உள்ள வராத.”

ஷூவைக் கழற்றக் குனிந்த கருத்தக்கண்ணன் அப்படியே நின்றான். ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்று மருமகள் யுவராணியின் போனில் புகார் பதியச் சொல்லி, விடிந்ததிலிருந்து தேனி சர்வீஸ் சென்டரை நச்சரித்தவர் இதே அய்யம்மாள்தான். மெக்கானிக் வந்துவிட்டான். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை எல்லாம் சரி. ஆனால் ஆள் கிழக்குத் தெருக் கர்ணனின் மகன். இவர்களுடைய திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவனின் பிள்ளை அடுப்படிக்குள் வருவதா?

கருத்தக்கண்ணனுக்கு வேலையில் இது முதல் வாரம். ஐடிஐயில் கம்ப்ரசரைப் பிரிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரம்மாவை ‘மேடம்’ என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தார்கள். நிலைப்படியை எப்படித் தாண்டுவது என்று மட்டும் எந்த வாத்தியாரும் பாடம் நடத்தவில்லை. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் போனுக்கு வரும் ஓடிபியை வாங்க வேண்டும். அது இல்லாமல் திரும்பினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

உள்ளே மாவு பொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டுக்கறி வாடை வரத் தொடங்கியிருந்தது. அய்யம்மாளுக்குச் சாதியும் வேண்டும், ஃபிரிட்ஜும் வேண்டும். யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: ஆள் உள்ளே போக வேண்டாம், ஃபிரிட்ஜ் வெளியே வரட்டும்.

மகன் விஜய்பாண்டி பக்கத்து வீட்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஃபிரிட்ஜோடு மல்லுக்கட்டினான். கதவையே கழற்ற வேண்டியிருந்தது. அம்மன் சப்பரம்கூட அந்தத் தெருவில் அவ்வளவு பாடுபட்டு வந்ததில்லை. கை கொடுக்கப் போன கருத்தக்கண்ணனை, நிலையைத் தாண்டும்வரை தொடக் கூடாது என்று தடுத்தார்கள்.

போர்ட்டிகோவில் அவன் பிளக்கைச் சொருகினான். ஃபிரிட்ஜ் சமர்த்தாக ஓடியது.

“மேடம், இதுல கோளாறு இல்ல. அடுப்படிச் செவுத்துல இருக்க பிளக்பாயிண்ட்டுதேன் எரிஞ்சிருக்கும். உள்ள போய்ப் பாக்கணும்.”

விஜய்பாண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சுவரை வெளியே தூக்கி வர முடியாது என்பது அவனுக்குக்கூடப் புரிந்தது.

“அப்ப இங்கனயே ஓடட்டும்,” என்றார் அய்யம்மாள்.

யுவராணி எல்லாவற்றையும் சுமந்து வந்து மறுபடி அடுக்கினாள். இனி ஒரு கரண்டித் தயிருக்கும் தெருவே பார்க்க வாசலுக்கு வர வேண்டியவள் அவள்தான். குளிர் ஏறும்வரை கருத்தக்கண்ணன் வெயிலில் காத்திருந்தான். உட்காரச் சொல்லவும் அங்கே ஆளில்லை. கடைசியில் ஃபிரிட்ஜைத் திறந்து, ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து, வாய் வைத்தே குடித்துவிட்டு உள்ளே வைத்தான்.

“கூலிங் வந்திருச்சு மேடம். ஓடிபி சொல்லுங்க.”

அவன் வாய் வைத்ததைப் பார்த்துவிட்ட அய்யம்மாள், சொல்லாதே என்று மருமகளுக்குக் கண்ணைக் காட்டினார். யுவராணி போனைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தாள்.

அவன் பைக் திருப்பம் தாண்டியதும் அய்யம்மாள் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜின் தலையில் கொட்டினார். பின்பக்கம் ‘டப்’பென்று ஒரு சத்தம். தீட்டுப் போனது, ஃபிரிட்ஜும் போனது.

மாமியார் எதிரிலேயே யுவராணி சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டாள்.

“இப்ப வந்துட்டுப் போனாகள்ல, அவுகளையே அனுப்புங்க. நல்லா வேல பாத்தாக.”